அறிக்கை இருக்கட்டும், முதலில் ஷெட்யூலை நிறுத்துங்கள்

மைதானத்தில் அடிதடி, நடுவரோடு தகராறு, வீரர் வாய்விட்ட ஒரு வீடியோ என்று உங்கள் விளையாட்டு கிளப் பெயர் அடிபடத் தொடங்கினால், விளக்க அறிக்கை எழுத உட்காரும் முன் சமூக ஊடகப் பக்கத்தில் தானாக வெளியாகும்படி ஏற்கெனவே ஷெட்யூல் செய்து வைத்த பதிவுகளை நிறுத்துங்கள். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கங்களை நிர்வகிக்கும் மெட்டா பிசினஸ் சூட்டில் பிளானரைத் திறந்தால் எல்லாம் வரிசையாகத் தெரியும். அழிக்க வேண்டாம், டிராஃப்டுக்கு மாற்றினால் போதும். காசு கட்டி பூஸ்ட் செய்த விளம்பரம் தனியாக ஓடிக்கொண்டிருக்கும். அதைத் தனியாகத்தான் நிறுத்த வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

அறிக்கைக்குத் தலைவர், செயலாளர், ஸ்பான்சர் எல்லோரும் சரி சொல்ல நேரமாகும். அதற்குள் ‘ஞாயிறு ஆஸ்டின் டவுன் மைதானத்தில் அதிரடி!’ என்று ஒரு போஸ்டர் தானாக வந்து விழும். அதன் ஸ்கிரீன்ஷாட்தான் அப்புறம் எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் சுற்றும். 2025 ஜூன் 4 அன்று சின்னசாமி மைதானத்துக்கு வெளியே நெரிசலில் 11 பேர் இறந்த அதே நாளில் உள்ளே ஆர்சிபி கிரிக்கெட் அணிக்குப் பாராட்டு விழா நடந்தது. அதற்கு எழுந்த கோபம் பெங்களூருக்காரர்களுக்கு நினைவிருக்கும்.

ஆனால் போட்டி ரத்து, நேர மாற்றம், எந்த கேட் மூடியிருக்கிறது, டிக்கெட் பணம் எப்படித் திரும்பக் கிடைக்கும் போன்ற தகவல்களை நிறுத்தாதீர்கள். கன்னடம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் போகட்டும். அப்புறம், தோற்றதற்காக ரசிகர்கள் திட்டுவது நெருக்கடியே இல்லை. அதற்கெல்லாம் பக்கத்தை முடக்கினால் பயந்துவிட்டதாகத்தான் நினைப்பார்கள்.