மதுரை எண் டென்மார்க் எண்ணாகத் தெரிவது ஏன்? கால் ரெக்கார்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டவுன்ஹால் ரோட்டு லாட்ஜ் ஆனாலும், கப்பலூர் தொழிற்பேட்டைக் கம்பெனி ஆனாலும், எந்த அழைப்பு எந்த ஊருக்கு, எந்த நாட்டுக்குப் போனது என்று பார்க்க, இபிஏபிஎக்ஸ் (எக்ஸ்டென்ஷன்களை வெளி லைனோடு இணைக்கும் பெட்டி) தரும் கால் ரெக்கார்டை, அதாவது அழைத்த எண்களின் பட்டியலை, எக்செலில்தான் திறப்பார்கள். முதல் பிழை அங்கேயே நடந்துவிடுகிறது. அந்தப் பட்டியல் வரும் சிஎஸ்வி ஃபைலை (காற்புள்ளியால் பிரித்த டெக்ஸ்ட் ஃபைல்) நேரடியாகத் திறந்தால், எண்ணின் முன்னால் உள்ள பூஜ்யங்களை எக்செல் விழுங்கிவிடும். 15 இலக்கத்தைத் தாண்டினால் கடைசி இலக்கங்களும் பூஜ்யமாகிவிடும். அப்படியே சேமித்துவிட்டால் அவை திரும்பி வராது.

பூஜ்யம்தானே என்று விடக்கூடாது. மதுரை லேண்ட்லைனுக்கு 0452, அதன்பின் 7 இலக்கம். முதல் பூஜ்யம் போனால் 45-ல் தொடங்கும் 10 இலக்கம் மிஞ்சும். டென்மார்க்கின் நாட்டுக் குறியீடு 45, உள்ளூர் எண் 8 இலக்கம். கூட்டினால் அதே 10! திண்டுக்கல் (0451), தேனி (04546), விருதுநகர் (04562), சிவகங்கை (04575) எல்லாவற்றுக்கும் இதே கதிதான். சென்னையின் 044 பிரிட்டனின் 44 போலத் தெரிந்தாலும், பிரிட்டன் எண்கள் பெரும்பாலும் 12 இலக்கம் என்பதால் எண்ணிப் பார்த்துப் பிரித்துவிடலாம். டென்மார்க்கில் அந்த வழியும் இல்லை. ஆகவே டேட்டா மெனு வழியாக ஃபைலை உள்ளே எடுத்து, எண் உள்ள நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று மாற்றிய பிறகே லோடு செய்யுங்கள்.

அடுத்தது வெளி லைனுக்கு அழுத்தும் 0 அல்லது 9. சில இபிஏபிஎக்ஸ் அதையும் பதியும், சில பதியாது. எக்ஸ்டென்ஷனிலிருந்து உங்கள் செல்லுக்கே ஒருமுறை அடித்து, அந்த வரி எப்படி விழுகிறது என்று பாருங்கள். 000971 என்றால் 0 வெளி லைன், 00 ஐஎஸ்டி, 971 அமீரகம். ஆனால் 971-ல் தொடங்கும் வெறும் 10 இலக்கம் நம்மூர் செல்தான். அமீரகச் செல் எண் குறியீட்டோடு 12 இலக்கம் வரும். 00-க்குப் பிறகு 15 இலக்கத்தைத் தாண்டினால், பேச்சுக்கு நடுவே அழுத்திய பட்டன்களும் சேர்ந்திருக்கலாம்.

நாட்டுக் குறியீடு 1 என்றதும் அமெரிக்கா என்று எழுதாதீர்கள். 1-876 ஜமைக்கா, 1-242 பஹாமாஸ்.

சிங்கப்பூர் பில்லைப் படிக்கும்போது இன்னொரு குழி. அங்கே ஐஎஸ்டிக்கு அடிக்கும் எண்களில் 001-உம் ஒன்று. 00191452 என்பதை நம் வழக்கப்படி 00, 1, 914 என்று பிரித்தால் நியூயார்க் மாநிலம் வந்துவிடும். உண்மையில் அது 001, 91, 452: மதுரை. 1-க்குப் பின் 10 இலக்கத்துக்கு மேல் இருந்தாலே சந்தேகப்படுங்கள்.

சிங்கப்பூர் எண்ணோ 65-உடன் 8 இலக்கம், மொத்தம் 10. நம் செல் எண்களும் 6-ல் தொடங்குவது உண்டு. முன்னால் 00 இல்லாத அப்படிப்பட்ட வரிக்கு நாட்டின் பெயரை எழுதாமல், ஐஎஸ்டி பில்லில் அதே தேதி, நேரம் இருக்கிறதா என்று தேடுங்கள்.