மழைக்கு அஞ்சும் தோழி: குழந்தைக்கு எப்படிப் புரியவைப்பது?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, பள்ளிக்கரணைப் பக்கம் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்து படகில் மீட்கப்பட்ட சிறுமி ஒருத்தி என் மகளின் வகுப்பில் இருந்தாள். வானம் இருட்டினாலே காதைப் பொத்திக்கொள்வாள். "அவளுக்கு என்னைப் பிடிக்கவில்லையா அம்மா?" என்று இரண்டாம் வகுப்புக்காரி கேட்டாள். நாங்கள் செய்ததை வரிசையாகத் தருகிறேன்.

படி 1: உடம்பிலிருந்து தொடங்குங்கள்

"பயந்தால் உனக்கு என்ன ஆகும்?" என்று கேளுங்கள். நெஞ்சு படபடக்கும், வயிறு கலங்கும், சிலருக்குக் கால் அசையாது. திருடனைக் கண்டு மிரண்ட நாய் மறுநாள் பால்காரரைப் பார்த்தும் குரைக்கும் அல்லவா? வெள்ளத்தைக் கண்ட மூளைக்குத் தூறலும் அப்படித்தான். அவள் வேண்டுமென்று செய்யவில்லை, இதில் யார் தப்பும் இல்லை என்பதைத் தனியாகச் சொல்லுங்கள். கெட்டது நடந்தால் தங்களால்தான் என்று நினைக்கும் வயது இது.

படி 2: துருவக் கூடாது

"தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது?" போன்ற கேள்விகள் வேண்டாம். அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்.

படி 3: என்ன பேசுவது?

முட்டுக்கட்டை இங்கேதான். "பயப்படாதே, ஒன்றுமில்லை" என்பதுதான் குழந்தையின் வாயில் முதலில் வரும். நாம் சொல்லிச் சொல்லிப் பழக்கியது. பயந்தவளுக்கோ, தன் பயத்தை யாரும் நம்பவில்லை என்று தோன்றிவிடும். "நான் பக்கத்தில் உட்காரட்டுமா?" என்று கேட்கக் கற்றுக்கொடுத்தேன். தோழி "வேண்டாம்" என்றதும் என் மகளின் முகம் தொங்கிப்போனது. ஆகவே பொம்மைகளை வைத்து மறுப்பையும் சேர்த்தே ஒத்திகை பார்த்தோம். "சரி, நான் ஊஞ்சல் பக்கம் இருப்பேன், தோன்றினால் வா" என்று சொல்லிவிட்டு நகர வேண்டும். சில முறை உங்கள் குழந்தையையே பயந்த பொம்மையாக நடிக்கவிடுங்கள். அப்போதுதான் உறைக்கும்.

உணர்வுகளைப் புரியவைக்க முகபாவப் படங்கள் அச்சிட்ட அட்டைகளைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். வெள்ளைத்தாளும் கிரேயானும் போதும். சோப்பு நீர்க் குமிழி இன்னும் நல்லது: மெதுவாக ஊதினால்தான் குமிழி பெரிதாகும், அந்த நீண்ட மூச்சில் படபடப்பும் தணியும்.

படி 4: எல்லை

தோழியைக் குணப்படுத்துவது உன் வேலை இல்லை என்று சொல்லிவையுங்கள். யாராவது அடிக்கிறார்கள், செத்துப்போகலாம் போலிருக்கிறது என்று அவள் சொன்னால், அது ரகசியம் காக்கும் விஷயமல்ல. உடனே பெரியவர்களிடம் வர வேண்டும். தூக்கமின்மை, படுக்கையில் சிறுநீர், காரணமில்லாத வயிற்றுவலி ஆகியவை ஒரு மாதம் தாண்டியும் நீடித்தால் அவளுடைய பெற்றோரிடம் பேசுங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸின் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இரண்டும் இலவசம்.

பின்சேர்க்கை: "படகு கவிழும் விளையாட்டையே திரும்பத் திரும்ப ஆடுகிறார்கள், தடுக்கலாமா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். தடுக்க வேண்டாம், நடந்ததைக் குழந்தைகள் இப்படித்தான் செரித்துக்கொள்கிறார்கள். மீட்க ஒருவர் வருவதாக நீங்கள் கதையில் நுழைந்து பாருங்கள். ஒவ்வொரு முறையும் எல்லோரும் மூழ்கியே முடிந்து, ஆடிய பிறகு குழந்தை இன்னும் பதறினால் மனநல மருத்துவரைப் பார்ப்பதே சரி.