கடலோரப் பழைய வீட்டில் கை வைக்கும் முன்: அனுமதி பெறும் முறை

கீழக்கரையிலோ தொண்டியிலோ இராமேசுவரத்திலோ தலைமுறைகள் வாழ்ந்த வீடு ஒன்று உங்கள் பங்குக்கு வந்து, அதைச் சீர்செய்து குடியேற நினைத்தால், கொத்தனாருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: செய்யப்போவது பழுதுபார்ப்பா, இடித்துக் கட்டுவதா? வெள்ளையடிப்பது, பூச்சு வேலை, தரை மாற்றுவது, ஓடு மாற்றுவது போன்றவற்றுக்குப் பொதுவாகத் திட்ட அனுமதி தேவைப்படாது. சுவரை இடித்துக் கட்டினாலோ மாடி எழுப்பினாலோ 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் பொருந்தும். தெருவின் அகலமும் சுற்றிலும் விடவேண்டிய இடமும் இன்றைய அளவுப்படியே பார்க்கப்படும். குறுகிய சந்தோடு ஒட்டி நிற்கும் பழைய வீடு பெரும்பாலும் அந்த அளவுக்குள் அடங்காது. திண்ணையை இடித்துவிட்டால் அதே இடத்தில் மறுபடி திண்ணை கட்ட முடியாமல் போகலாம் என்பதால், இருப்பதைக் காப்பாற்றும் வகையிலேயே வேலையைத் திட்டமிடுங்கள் என்பதுதான் என் உறுதியான கருத்து.

அடுத்தது ஆவணங்கள். பட்டா, வில்லங்கச் சான்று, நகர நில அளவை வரைபடம், சொத்துவரி ரசீது ஆகியவற்றில் ஒரே பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெண்மக்களுக்கு வீடு கொடுக்கும் வழக்கமுள்ள கீழக்கரை போன்ற ஊர்களில், வீடு கைமாறியும் பட்டா மாறாமல் கிடப்பதுண்டு. எங்கள் விண்ணப்பம் முதல் முறை திரும்பி வந்ததற்கும் இதுவே காரணம்: பட்டா பாட்டியின் தாயார் பெயரிலேயே இருந்தது.

கடலின் உயர் ஓதக் கோட்டிலிருந்து (அலையேற்றத்தின்போது கடல்நீர் ஏறிவரும் எல்லை) 500 மீட்டருக்குள் வீடு இருந்தால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளும் குறுக்கிடும். அனுமதி பெற்றுக் கட்டிய பழைய வீட்டை, அதன் பரப்பையும் பயன்பாட்டையும் மாற்றாமல் சீர்செய்ய அவை இடம் தருகின்றன; தங்கும் விடுதியாக மாற்ற நினைத்தால் நிலைமை வேறு. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள சின்னம் அருகில் இருந்தால், அதன் எல்லையிலிருந்து முதல் 100 மீட்டரில் புதுக் கட்டுமானத்துக்குத் தடை உண்டு. அதற்கடுத்த 200 மீட்டரில் முன் அனுமதி வேண்டும். இராமநாதபுரம் அரண்மனையின் இராமலிங்க விலாசம் மாநிலத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருப்பதால், அதன் சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்கள் அத்துறையிடம் எழுத்துமூலம் கேட்டுப் பதில் பெற்றுக்கொள்வது நல்லது.

விண்ணப்பத்தோடு வரைபடம் மட்டும் போதும் என்று எண்ணிவிடாதீர்கள். எதிர்த் தெருவில் நின்று முகப்பை முழுதாகப் படமெடுத்து, திண்ணைத் தூண், கதவு நிலை, முற்றம், உத்தரம் ஆகியவற்றைத் தனித்தனியே அளந்து, எது அப்படியே இருக்கும், எது மாறும் என்று ஒரு தாளில் எழுதி இணையுங்கள். பொதுச்சுவர் இருந்தால் பக்கத்து வீட்டாரின் எழுத்துமூல ஒப்புதலையும் வாங்கிவிடுங்கள். தகராறு முளைப்பது பெரும்பாலும் அங்கேதான்.

அந்தத் தாளில் பூச்சு என்ன என்பதையும் எழுதுங்கள். முருகைக்கல்லும் (கடலின் பவளப்பாறையிலிருந்து எடுத்த கல்) சுண்ணாம்புக் காரையும் கொண்ட சுவர் கடற்காற்றின் ஈரத்தை உறிஞ்சி வெளிவிடும். அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, உப்பு படிகமாகிக் கல்லையே அரிக்கும். எங்கள் கூடத்தில் பூசிய சிமெண்டு இரண்டாம் மழைக்காலத்தில் பலகை பலகையாகப் பெயர்ந்து விழுந்தது. அதன் பின்பக்கத்தில் கல்லின் தோலும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது, விரலால் தேய்த்தால் வெள்ளை மாவாக உதிர்ந்தது. நீற்றிய சுண்ணாம்பை மணலோடு அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீர் சேர்த்துப் பூசத் தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடியுங்கள்.

வேலை தொடங்கியதும் அனுமதிக் கடிதத்தின் நகலும் வரைபடமும் வீட்டிலேயே இருக்கட்டும். சுவரிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு முருகைக்கல்லையும் எண்ணிட்டு, நிழலில் அடுக்கி வைத்து, மீண்டும் அதே சுவருக்கே பயன்படுத்துங்கள். பவளப்பாறை உயிரினங்கள் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டுவிட்டதால், மன்னார் வளைகுடாவிலிருந்து புதுக்கல் எடுப்பது குற்றமாகும். உடைந்த துண்டுகளைக்கூடக் குப்பை வண்டியில் ஏற்ற விடாதீர்கள். சுவரின் உள் இடைவெளிகளை நிரப்ப அவை உதவும்.