ரீஃப் தொட்டிக்குச் சம்ப், ரெஃப்யூஜியம்: கரண்ட் போனாலும் தரை நனையாத கணக்கு

ரீஃப் தொட்டி என்பது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி; அதன் கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டிதான் சம்ப், அதில் பாசி வளர்க்கும் அறை ரெஃப்யூஜியம். சம்ப் வடிவமைப்பவர்கள் பெரும்பாலும் ஸ்கிம்மர் (அழுக்கை நுரையாகப் பிரிக்கும் கருவி) எங்கே, பாசி எங்கே என்று அறை பிரிப்பதில்தான் ஆரம்பிக்கிறார்கள். முதலில் போட வேண்டிய கணக்கு வேறு: கரண்ட் போனால் மேல் தொட்டியிலிருந்து எத்தனை லிட்டர் இறங்கும்? அது தெரியாமல் கண்ணாடி வெட்டக் கொடுக்காதீர்கள்.

மேல் தொட்டி 120 × 50 × 50 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். மேற்பரப்பு 6000 சதுர செ.மீ. என்பதால், நீர்மட்டம் 1 செ.மீ. குறைந்தால் 6 லிட்டர் இறங்கும். பம்ப் நின்றதும் சம்பிலிருந்து தண்ணீரை மேலே கொண்டுபோகும் ரிட்டர்ன் குழாய் தலைகீழாக உறிஞ்ச ஆரம்பிக்கும். குழாய் வாய் காற்றைத் தொடும்வரை நிற்காது. வாய் 3 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 18 லிட்டர், 5 செ.மீ. என்றால் 30, 10 செ.மீ. என்றால் 60. குழாயிலும், மேல் தொட்டியில் வழியும் தண்ணீரை வாங்கும் ஓவர்ஃப்ளோ பெட்டியிலும் நிற்பதற்கு இன்னொரு 6 லிட்டர் கூட்டுங்கள்.

இதற்கு உள்ளளவு 90 × 40 × 40 செ.மீ. சம்ப் பொருந்தும். இடமிருந்து வலமாக ஸ்கிம்மர் அறை 30 செ.மீ., குமிழித் தடுப்பு ஏறக்குறைய 7 செ.மீ., பம்ப் இருக்கும் ரிட்டர்ன் அறை 20 செ.மீ., மீதி ரெஃப்யூஜியம். ஓடும்போது ஸ்கிம்மர் அறையில் 23, ரிட்டர்னில் 19, ரெஃப்யூஜியத்தில் 22 செ.மீ. தண்ணீர் நிற்கும். 35 செ.மீ. உயரம்வரை உள்ள காலி இடம் சுமார் 46 லிட்டர். குழாய் வாய் 5 செ.மீ. ஆழத்தில் இருந்தால் இறங்குவது 36 லிட்டர், தாங்கும். 10 செ.மீ. என்றால் 66 லிட்டர். விளிம்பு தளும்ப நிரப்பினாலும் 64தான் கொள்ளும், அதிலும் ஸ்கிம்மரின் உடல் கொஞ்சம் இடத்தை அடைத்துக்கொள்ளும்.

தண்ணீர் திரும்பாமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வ் போட்டாச்சே என்று கேட்காதீர்கள். சில மாதங்களில் சுண்ணாம்புப் படிவமோ குட்டி நத்தையோ அதன் மடலில் உட்கார்ந்தால், வால்வ் முழுதாக மூடாது. வாயின் உயரம் மட்டுமே நம்பகமானது.

எதிர்ப்பக்கக் கணக்கும் உண்டு. மேலிருந்து தண்ணீர் இறங்கும் டிரெய்ன் குழாய் அடைத்துக்கொண்டால் பம்ப் ரிட்டர்ன் அறையை மேலே ஏற்றிவிடும். பம்ப் 7 செ.மீ. மட்டத்தில் காற்றை இழுக்கும் என்றால், 12 செ.மீ. × 800 சதுர செ.மீ., அதாவது 9.6 லிட்டர் ஏறும். மேல் தொட்டியில் 1.6 செ.மீ. உயரும். விளிம்பில் 3 செ.மீ. காலி விடுங்கள், போதும். ரிட்டர்ன் அறையைச் சின்னதாக வைத்தது இதற்காகத்தான். ஆனால் ஆவியாதல் முழுக்க அந்த அறையில்தான் தெரியும்: ஒரு நாளில் 4 லிட்டர் போனால் மட்டம் 5 செ.மீ. இறங்கும். ஆகவே ஆவியான அளவைத் தானாக நிரப்பும் ஆட்டோ டாப்-அப் கட்டாயம். ஆர்ஓ-டிஐ நன்னீர் (உப்பும் தாதுவும் நீக்கியது), இரண்டு சென்சார், ஒன்று பழுதானால் மற்றது நிறுத்த.

குமிழித் தடுப்பு மூன்று கண்ணாடி. முதலாவது தரையிலிருந்து 23 செ.மீ.; நடுவிலுள்ளது தரையிலிருந்து 2.5 செ.மீ. தூக்கி, மேல்விளிம்பு 28 செ.மீ.யில், மூன்றாவது 21 செ.மீ. இடைவெளி 2.5 செ.மீ. மணிக்கு 1200 லிட்டர் ஓடினால் அங்கே வேகம் நொடிக்கு 3 செ.மீ. சொச்சம்தான், குமிழி மேலேறிவிட நேரம் கிடைக்கும். கண்ணாடி 6 மி.மீ., அகலம் 39.6 செ.மீ., பக்கத்துக்கு 2 மி.மீ. சிலிக்கோனுக்கு. அக்ரிலிக் வேண்டாம்: தண்ணீரில் வளையும், சிலிக்கோனும் சரியாகப் பிடிக்காது. குளியலறை சிலிக்கோனில் பூஞ்சைக்கொல்லி இருக்கும், அதையும் தொடாதீர்கள். ஒட்டிய பின் வினிகர் வாடை முழுக்கப் போகும்வரை, குறைந்தது 48 மணி நேரம் விடுங்கள்.

டிரெய்னுக்கு மூன்று குழாய் நல்லது: ஒன்று முழு சைஃபன் (காற்றில்லாமல் குழாய் நிறைய ஓடுவது), ஓட்டத்தைச் சரிசெய்யக் கேட் வால்வோடு, இரண்டாவதில் மெல்லிய ஓட்டம், மூன்றாவது ஆபத்துக்கு, எப்போதும் காய்ந்தே இருக்க வேண்டும். சைஃபன் குழாயின் முனை சம்ப் தண்ணீரில் 2 செ.மீ. மட்டும் மூழ்கட்டும். ஆழமாக மூழ்கினால் உள்ளிருக்கும் காற்று வெளியேறாமல் சைஃபன் பிடிக்காது. வால்வ் பிவிசியாக இருக்கட்டும். பித்தளையிலுள்ள செம்பு இறாலையும் பவளத்தையும் கொன்றுவிடும்.

ரெஃப்யூஜியத்துக்குத் தண்ணீரை டிரெய்னிலிருந்து பிரிக்காதீர்கள், சைஃபன் சரிக்கட்டுவது தலைவலியாகிவிடும். ரிட்டர்ன் குழாயில் ஒரு கிளை, அதில் பால் வால்வ், மணிக்கு 300 லிட்டர். மேல் தொட்டிக்கு 1200, இதற்கு 300. உயர இழப்பையும் சேர்த்து 3000 லிட்டர் என்று எழுதிய பம்ப் வாங்குங்கள்.

பாசியில் நூல்பந்து போன்ற கீட்டோமார்ஃபாதான் (சுருக்கமாகக் கீட்டோ) என் தேர்வு. கலேர்ப்பா என்ற பாசி வேகமாக வளரும், ஆனால் இனப்பெருக்கத்துக்குப் போனால் ஒரே இரவில் வெளுத்துக் கரையும். தண்ணீர் பச்சையாகக் கலங்கும், ஆக்ஸிஜன் சரியும். ஒரு கைப்பிடி கீட்டோவில் ஆரம்பியுங்கள். மேல் விளக்கு அணைந்த பின் 10 முதல் 12 மணி நேரம் ரெஃப்யூஜியத்தின் விளக்கு எரியட்டும். இரவில் கூடும் கரியமில வாயுவைப் பாசி இழுத்துக்கொள்வதால் பிஎச் அதிகம் சரியாது. ரிட்டர்ன் பக்கம் வெளிச்சம் கசியாமல் கறுப்புத் தகடு வையுங்கள், இல்லையேல் பம்ப் முழுக்கப் பாசி. பந்து இறுகியதும் மூன்றில் ஒரு பங்கை எடுத்து வீசுங்கள். எடுத்தால்தான் நைட்ரேட் தொட்டியை விட்டுப் போகிறது.

நைட்ரேட் 2 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 போதும். இரண்டும் பூஜ்யமானால் கீட்டோ வெளுக்கும், மேல் தொட்டி மணலில் பழுப்புச் சளிபோல டைனோஃப்ளாஜெலேட் என்ற நுண்ணுயிர் படரும். அப்போது ரெஃப்யூஜியம் விளக்கின் நேரத்தைக் குறையுங்கள். ரெஃப்யூஜியத்தில் மணல் போட வேண்டாம், அழுக்குதான் தங்கும். கோப்பிபாட் (நுண்ணிய ஓட்டுடலி) ஒளிய இரண்டு துளைக்கல் போதும். மன்னார் வளைகுடாக் கரையில் கிடக்கிறதே என்று பவளக் கல்லைப் பொறுக்காதீர்கள். பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருபவை. செராமிக் கல் வாங்குங்கள்.

உப்பு போடுமுன் நன்னீரில் ஓட்டி, சுவிட்சை மூன்று முறை அணைத்துப் பாருங்கள். தண்ணீர் 35 செ.மீ.க்கு மேல் ஏறினால் ரிட்டர்ன் வாயை உயர்த்துங்கள். சரியானதும் மறுபடி ஓட்டி, ரிட்டர்ன் அறையில் நிற்கும் மட்டத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். ஓடும்போது தண்ணீர் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது.