புளியங்கொட்டையில் இங்கிலாந்துக் கணக்கு

எங்கள் மூத்த மாப்பிள்ளை இங்கிலாந்தில் இருக்கிறார். நிலத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டு, உழுத காட்டில் மெட்டல் டிடெக்டரோடு நடப்பார். போன மாதம் ஒரு பித்தளை வில்லையின் படம் அனுப்பினார். ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் சிலுவை, விளிம்பில் எழுத்துக்குப் பதில் புள்ளிகள், நடுவில் பாதி ஆழத்துக்கு ஒரு குழி. 1300ஐ ஒட்டிய காலத்தில் அங்கே வெள்ளிப் பென்னிதான் காசு. இந்த வில்லைக்கு வெள்ளி பூசி யாரும் காசாகத் தள்ளிவிடக் கூடாதென்று குழித்தார்கள் என்கிறார்கள். இதன் பெயர் ஜெட்டன். கணக்குப் போடும் வில்லை.

பெருந்துறைப் பக்கம் முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். பார்த்ததும் போட்டுப் பார்க்க ஆசை வந்துவிட்டது. 1543இல் ராபர்ட் ரெக்கார்டு என்பவர் அச்சில் சொல்லிக்கொடுத்த கோட்டு முறைதான் இது.

பல்லாங்குழிக்கு வைத்திருக்கும் புளியங்கொட்டை இருபது போதும். ஆசாரத்துத் தரையில் சாக்பீஸால் குறுக்காக நான்கு கோடு போடுங்கள். உங்களுக்குப் பக்கத்துக் கோடு 1. அப்புறம் மேலே மேலே 10, 100, 1000. ஆயிரத்தின் கோட்டில் ஒரு பெருக்கல் குறி போட்டால் கண் தடுமாறாது. கோடுகளுக்கு இடைப்பட்ட இடங்கள் 5, 50, 500. ரோமன் எண்களின் படிகளும் இவையேதான். அந்த எழுத்துகளை வைத்துக் கூட்டுவது பெரும்பாடு, அதனால்தான் வில்லை.

தெற்குத் தோட்டத்தில் 267 தேங்காய், கிணற்று மேட்டில் 158 என்று வைப்போம். 267ஐ இடப்பக்கம் வையுங்கள்: நூறில் 2, ஐம்பதில் 1, பத்தில் 1, ஐந்தில் 1, ஒன்றில் 2. வலப்பக்கம் 158: நூறில் 1, ஐம்பதில் 1, ஐந்தில் 1, ஒன்றில் 3. சரி, இப்போது இரண்டையும் ஒன்றாகத் தள்ளிவிடுங்கள். கூட்டல் அவ்வளவுதான், மீதி வேலை ஒழுங்குபடுத்துவது.

கீழிருந்து வாருங்கள். கோட்டில் ஐந்து சேர்ந்தால் அந்த ஐந்தையும் எடுத்துவிட்டு மேல் இடைவெளியில் ஒன்று. இடைவெளியில் இரண்டு சேர்ந்தால் எடுத்துவிட்டு மேல் கோட்டில் ஒன்று. கடைசியில் நூறில் 4, பத்தில் 2, ஐந்தில் 1 நிற்கும். 425.

பள்ளிக்கூடத்தில் இனமாற்றம் என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டதுண்டு. மூன்றாவது படிக்கும் பேத்தி கொட்டையை நகர்த்திக்கொண்டே, “அம்மிச்சி, அஞ்சு போயி ஒண்ணாயிருச்சு!” என்றாள். கொட்டை அதே கொட்டைதான், உட்கார்ந்த இடம்தான் அதன் மதிப்பு என்பதை அவள் விரலே கண்டுகொண்டது.

கழித்தலுக்கு இதையே திருப்பிப் போடுங்கள். 425இல் 130 காய் விற்றாயிற்று. நூறில் ஒன்றை எடுங்கள். பத்தில் மூன்று எடுக்க வேண்டும், இருப்பதோ இரண்டு. இன்னொரு நூறை இரண்டு ஐம்பதாக்கி, அதில் ஒன்றை ஐந்து பத்தாக உடையுங்கள். இப்போது மூன்றை எடுத்தால் தரையில் 295 காய்.