சீசன் முடிந்த பிறகும் அவரேக்காய்

பெங்களூரில் பொங்கலையொட்டி அவரேக்காய் விலை இறங்கும்போதே இரண்டு கிலோ கூடுதலாக வாங்கி உரித்து, கொட்டைகளைக் கொதிக்கும் தண்ணீரில் இரண்டு நிமிடம் போட்டெடுத்து, உடனே ஐஸ் தண்ணீரில் கொட்டுங்கள். துணியில் பரப்பி ஈரம் போனதும், ஒரு வேளைக்கு ஒரு பொட்டலம் என்று ஃப்ரீசரில் வையுங்கள். (இங்கே அவரேக்காய் என்று குவித்து விற்பது நம்மூர் மொச்சை. பொரியலுக்கு நறுக்கும் அவரைக்காய் என்று நினைத்து ஏமாற வேண்டாம்.)

பச்சையாகவே வைத்தால் கொட்டையிலுள்ள என்சைம்கள் ஃப்ரீசரிலும் மெல்ல வேலை செய்து நிறத்தையும் மணத்தையும் கெடுக்கும். அந்த இரண்டு நிமிடக் கொதி அவற்றை நிறுத்திவிடுகிறது. ஐஸ் தண்ணீர், கொட்டை மேலும் வெந்து குழையாமல் காப்பாற்றும். சமைக்கும்போது உருக விடாமல் அப்படியே குழம்பில் போடுங்கள்.

பிதுக்கம்பருப்புக்கு என்றால் முதலில் ஊறவைத்துத் தோலைப் பிதுக்கிவிட்டு ஃப்ரீசரில் வைப்பதுதான் வசதி. இந்தக் குளிரில் பச்சைத் தண்ணீரில் ஊற நேரமாகும், வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுங்கள்.

முற்றி மஞ்சளடித்த காய்க்கு இது சரிவராது, அதை வெயிலில் காயவைப்பதே மேல். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் சின்ன ஃப்ரீசரில் மாதக்கணக்கில் வைக்க வேண்டாம். கரண்ட் போய் முழுதும் உருகிவிட்டால் அன்றே சமைத்துவிடுங்கள், திரும்ப உறையவைக்காதீர்கள்.