விலை குறைந்த ஈஎஸ்சி வாங்கினால் கூடவே ஒரு யுபெக்
முதல் ஆர்சி (ரிமோட்டில் பறக்கும்) ஹெலிகாப்டரை 450 எனும் அளவு வகையில் கட்டுகிறீர்களா? விலை குறைந்த ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் போர்டு) போதும், ஆனால் சர்வோக்களுக்கு (பிளேடுகளின் சாய்வை மாற்றும் குட்டி மோட்டார்கள்) 5 வோல்ட், 5 ஆம்பியர் ஸ்விட்சிங் யுபெக் (பேட்டரி வோல்டேஜை அதிகச் சூடில்லாமல் குறைத்துத் தரும் சர்க்யூட்) ஒன்றைத் தனியாகப் போடுங்கள். மலிவான ஈஎஸ்சிகள் பலவற்றில் உள்ளே இருப்பது லீனியர் பெக்; இதுவும் வோல்டேஜைக் குறைக்கும் சர்க்யூட்தான். முழு சார்ஜில் 3எஸ் லிப்போ (மூன்று செல் பேட்டரி) தருவது 12.6 வோல்ட், 5 போக மிச்சம் 7.6 வோல்ட்டையும் அது வெறும் சூடாக்கித்தான் தள்ளும். நான்கு சர்வோவும் சேர்ந்து 2 ஆம்பியர் இழுத்தால் சுமார் 15 வாட் சூடு, சின்ன சாலிடரிங் அயர்ன் மாதிரி. சூடு தாங்காமல் பெக் கட் ஆனால் ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவருக்கும் கரண்ட் நின்றுவிடும். அப்புறம் ஸ்டிக்கை என்ன ஆட்டினாலும் பயனில்லை, ஹெலி நேராகத் தரைக்குத்தான்.

யுபெக் போட்டதும் ஈஎஸ்சியிலிருந்து ரிசீவருக்குப் போகும் சிவப்பு வயரை மட்டும் கனெக்டரிலிருந்து உருவி, டேப் சுற்றிவிடுங்கள். இரண்டு சப்ளையும் ஒன்றோடொன்று மோதக் கூடாது.

ஈஎஸ்சியிலேயே போதுமான ஆம்பியருக்கு ஸ்விட்சிங் பெக் இருந்தால் இது வீண் செலவு. எல்லாம் ஒரே போர்டில் வரும் குட்டி 1எஸ் ஹெலிகளுக்கும் தேவையே இல்லை.